ஊட்டுக்காரருக்கு ஒரு சாக்கெட் செட்

சாக்கெட் செட் வாங்கப் போன இடத்தில்தான் ராசம்மாள் தன் புருசனுக்கு உயிர் கொடுத்தாள். அப்போது அவர் செத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது.

திட்டம் போட்டுச் செய்த காரியமல்ல. சூலூரில் அவளுக்கென்று இருந்தது ஒரு ஓட்டு வீடும், விசைத்தறிகளுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கிற ஒரு சின்ன மெஷினும், அவர் விட்டுப்போன மொபெட்டும்தான். பிள்ளை குட்டி கிடையாது. நூலை வாங்கி வரவும் சுற்றிய தாரைத் தறிக்காரர்களிடம் சேர்க்கவும் அந்த மொபெட் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதுவோ பதினைந்து நாளைக்கு ஒருமுறை நடுரோட்டில் மூச்சை நிறுத்திவிடும். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போவாள்.

தள்ளுவதுகூடப் பெரிதில்லை. போய்ச் சேர்ந்ததும் அந்த மெக்கானிக் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, ஒரு பெருமூச்சும் விட்டு, "பாவமுங்க அக்கா. அண்ணன் இருந்திருந்தா நீங்க இப்படித் தள்ளிட்டு வருவீங்களா?" என்பான். அண்ணன் இருந்தபோதும் வண்டி இப்படித்தான் வந்தது. அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கௌரவமாக நடந்து வருவார். பின்னாலிருந்து தள்ளியது ராசம்மாள். இதை அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மெக்கானிக் மட்டுமா? ரேஷன் கடையில் பாவம், மாவு மில்லில் பாவம், கோயில் வாசலில் பாவம். அவளிடம் பேசும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பாவம் என்று சொன்னவர்களில் ஒருத்தராவது பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனதில்லை. காது புளித்துப்போய், வண்டியை நாமே கழற்றிப் பார்த்துவிடுவது என்று ஒருநாள் முடிவுக்கு வந்தாள். மெக்கானிக் செய்வதைத்தான் இத்தனை மாதமாகப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாளே, ஸ்பேனர் இருந்தால் போதாதா? அதையும் சூலூரில் வாங்கினால் அந்தக் கடைக்காரரும் ஒரு பாவம் போடுவார் என்று உக்கடத்துக்கு பஸ் ஏறினாள்.

ரசாக் பாயின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. ஆள் நிற்க இடமில்லாமல் மூன்று பக்கமும் இரும்பு. அறுபது வயதிருக்கும் அவருக்கு. தடித்த கண்ணாடி. ஆளின் முகத்தைவிட நட்டின் முனையைப் பார்த்தே பழகிப்போன கண்.

"ஏனுங்க அம்மணி, என்ன வேணுமுங்க?"

"மொபெட்டு கழட்டி மாட்டறக்கு ஸ்பேனர் செட்டு வேணுமுங்க. அந்தப் பொட்டி என்ன வெலைங்க?" முன்னால் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்த சிவப்புத் தகரப் பெட்டியைக் காட்டினாள்.

"அது மத்தவீகளுக்குங்க. நீங்க ஒர்க்சாப்பு வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. ஊட்லயேதானுங்க."

"ஆருங்க வேலை பாக்கறது? ஊட்டுக்காரருங்களா?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் சொன்னால் அந்தப் பெருமூச்சு வரும். பன்னிரண்டு மைல் தாண்டி வந்தும் அதையே கேட்கவேண்டுமா? "ஆமாங்க, அவருதானுங்க" என்றுவிட்டாள்.

ரசாக் பாய்க்கு முகம் மலர்ந்துபோனது. தன் வண்டியைத் தானே கழற்றுகிற மனிதர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். "அப்பிடின்னா அந்தப் பொட்டி உங்களுக்கு வேண்டாமுங்க. நாப்பது பீஸுன்னு போட்டிருக்கான். அதுல பாதி இஞ்சு சைஸு. நம்ம வண்டிக்கு மில்லிமீட்டருதான் ஆவும். மீதிலயும் எட்டோ ஒம்பதோதான் கைக்கு வரும். மத்ததெல்லாம் காலத்துக்கும் பொட்டிலயே கெடக்குமுங்க."

நட்டின் தலையில் தொப்பி மாதிரிக் கவிழ்கிற சாக்கெட்டுகள் இரண்டை எடுத்து அவள் கையில் வைத்தார். "உள்ளார பாருங்க. இது பன்னெண்டு பட்டை. இது ஆறு பட்டை. இறுகிப்போன நட்டுல பன்னெண்டு பட்டையைப் போட்டு அழுத்துனா மூலையெல்லாம் வழிச்சுப்போடும். பொறவு சாமி வந்தாலும் கழட்ட முடியாது. ஊட்டு வேலைக்கு ஆறு பட்டைதானுங்க நல்லது. மினுக்குப் பாத்து ஏமாறாதீங்க. ஓரம் கனமா இருக்கோணும், குரோம் வனேடியம்னு எழுத்து ஆழமாக் குத்தியிருக்கோணும்."

அவள் இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு பண்ணுங்க அம்மணி. வண்டில எந்தெந்த நட்டைக் கழட்டோணுமோ அதெல்லாம் அளவெடுத்து அனுப்பச் சொல்லுங்க உங்க ஊட்டுக்காரரை. அதுக்குத் தக்கன ஒவ்வொண்ணா வாங்கிக்கலாம். மாசம் ரெண்டு வாங்குனாப் போதும், செட்டு தானாச் சேந்துபோகும். அந்தப் பொட்டிக்குக் குடுக்கற காசுல பாதிதான் ஆவும். சாமானும் ஒசத்தியா இருக்கும்."

வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரரை அவள் அன்றுதான் பார்த்தாள். "சொல்றனுங்க" என்று கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: அரைமணி நேரம் பேசிய அந்த மனிதர் ஒருமுறைகூடக் குரலைத் தாழ்த்தவில்லை. உங்க ஊட்டுக்காரரை, உங்க ஊட்டுக்காரரை என்று வாய் நிறையச் சொன்னார். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் மொபெட்டுக்கு முன்னால் குந்தவைத்து உட்கார்ந்தாள். அளவெடு என்றால் எதை வைத்து எடுப்பது? யோசித்துப் பார்த்துவிட்டு, அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து நட்டின் தலையில் தடவி, தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் மேல் வைத்து அழுத்தினாள். ஆறு மூலையும் அச்சாகப் பதிந்தது. ஒவ்வொரு தாளிலும் 'பின் சக்கரம்', 'சைலன்சர்', 'என்ஜின் மேல்' என்று எழுதி, ஒன்பது தாள்களோடு அடுத்த வாரம் உக்கடம் போனாள்.

போகிற வழியில் ஒரு வேலை செய்தாள். பஸ் சிங்காநல்லூரைத் தாண்டியதும் நெற்றியில் இருந்த விபூதியைத் துடைத்துவிட்டு ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டாள். வெறும் கழுத்து தெரியாமல் முந்தானையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.  நாற்பத்துநாலு வயதில் என்ன கூத்து இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் பொட்டை எடுக்கவில்லை.

ரசாக் பாய் தாள்களைக் கல்லாப்பெட்டி மேல் பரப்பி, வெர்னியரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். பத்து, பதிமூணு, பதினாலு, பதினேழு. அளந்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நாப்பது வருசமாக் கடை வெச்சிருக்கேன். இப்பிடி அளவெடுத்து ஆரும் அனுப்புனதில்லீங்க. உங்க ஊட்டுக்காரருக்கு மூளை எச்சாத்தானுங்க."

"ஆமாங்க" என்றாள் ராசம்மாள். பெருமையில் அவளுக்குக் காது சூடேறியது. யாரைப் பற்றிய பெருமை என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஏனென்றால் அவளுடைய உண்மையான புருசன் சென்னிமலைக்கும் ஸ்பேனருக்கும் ஏழாம் பொருத்தம். மில்லில் டைம்கீப்பர். வெள்ளை வேட்டியில் ஒரு கறை பட்டால் அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்காது. ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டு டார்ச் பிடிக்கிற மனிதர். ஒருநாள் காலை மில் கேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நல்ல மனிதர்தான், அவளை ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனால் உக்கடத்துக் கடையில் வளர்ந்த சென்னிமலை அவரைவிடக் கெட்டிக்காரராக இருந்தார். கார்புரேட்டரைக் கழற்றினார். பிளக்கில் படிந்த கரியைச் சுரண்டினார். பின் சக்கரத்தைக் கழற்றி அரைமணியில் மாட்டினார். அவள் வாரம் முழுக்க வாசலில் உட்கார்ந்து கை கறுக்கச் செய்ததையெல்லாம் அவர் பெயரில் வரவு வைத்தாள்.

மாதம் ஒருமுறை, குடும்ப பென்சன் வந்த வாரத்தில் போவாள். ஒன்றோ இரண்டோ சாக்கெட் வாங்குவாள். ஆனால் பேச்சு ஒருமணி நேரம் ஓடும்.

"அவரு என்னங்க சொன்னாரு, பதிமூணு சரியா ஒக்காந்துச்சுங்களா?"

"ஒக்காந்துச்சுங்க. சாக்கெட்டை மாட்டித் திருப்பற ராச்சட்டுதான் ஒரு பக்கம் திருப்புனா பல்லு வழுக்குதுன்னு சொன்னாருங்க."

"அதைக் கண்டுபிடிச்சுப்போட்டாரா! குடுங்க, வேற தாரேன். இத நானே பாக்கலீங்களே."

இப்படி ஒவ்வொரு தடவையும் சென்னிமலை கொஞ்சம் கொஞ்சமாக ஆள் ஆகிக்கொண்டு வந்தார். அவருக்கு இந்த வாரம் ராத்திரி ஷிப்டு. அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது. அவருக்குச் சளி பிடித்து இருமல் விடமாட்டேன் என்கிறது. இதைச் சொன்ன அன்று ரசாக் பாய் பதறிப்போய், மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்துக் கொடுக்கச் சொன்னார். அவள் வீட்டுக்குப் போய் வைத்தாள். கொதிக்கக் கொதிக்க இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு, இரண்டையும் தானே குடித்தாள்.

பைத்தியம் இல்லை அவளுக்கு. சூலூர் வீட்டில் அவர் இல்லை என்பது ஒவ்வொரு சுவருக்கும் தெரியும். ஆபீஸ்களில் இல்லை, ரேஷன் கார்டில் இல்லை, உறவுக்காரர்களின் பேச்சில்கூட இப்போது இல்லை. இந்த ஒரு சந்துக்குள், இந்த ஒரு மனிதரின் வாயில் மட்டும் அவர் சளி பிடித்தும் ஷிப்டுக்குப் போயும் இருந்துகொண்டிருந்தார். அந்த ஓர் இடத்தையும் விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், செட் நிரம்பிக்கொண்டிருந்தது. ஒன்பது தாளுக்கு எத்தனை சாக்கெட் வாங்கிவிட முடியும்? மாதம் இரண்டு என்பதை ஒன்றாக்கினாள். நல்லாயிருந்த எக்ஸ்டென்ஷன் கம்பியை, நீளம் பற்றவில்லை என்றாராம் என்று மாற்றினாள். அடுத்த மாதம், பழையதே தேவலை என்றாராம் என்று மறுபடி மாற்றினாள். ரசாக் பாய் முகம் கோணவில்லை. "வேலை தெரிஞ்சவரு அப்பிடித்தானுங்க, கைக்குப் புடிக்கற வரைக்கும் உடமாட்டாரு" என்றார்.

வண்டியும் வேறு நின்றுபோவதை நிறுத்திவிட்டது. அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

ஆவணி மாதத்தில் பாக்கியிருந்தது பிளக் கழற்றுகிற இருபத்தொண்ணு மட்டும்தான். அதுவரை பழைய பிளக் ஸ்பேனரை வைத்தே ஓட்டியிருந்தாள். இனித் தள்ளிப்போடச் சாக்கு இல்லை. ரசாக் பாய் அதை எடுத்து வைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு கான்வாஸ் உறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனி அறை வைத்து அவரே தைத்தது.

"இது என்ற கணக்குல அவருக்குங்க. செட்டு முடிஞ்சுதுங்க அம்மணி. இனிப் பத்து வருசத்துக்கு நீங்க இந்தக் கடைப் பக்கம் வர வேண்டியதில்ல, அத்தனை நல்ல சாமானு" என்றார், வியாபாரியின் பெருமையோடு.

ராசம்மாள் சரி என்று தலையாட்டினாள். வேறு எதையாவது கேட்டு வாங்கலாமா என்று அலமாரிகளில் கண்ணை ஓட்டினாள். ரம்பமா, சுத்தியலா, எதற்கு என்று சொல்வது?

அதற்குள் ரசாக் பாய் கல்லாப்பெட்டியைத் திறந்து ஒரு கட்டுக் கார்டுகளை எடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மவ ஷைமாவுக்கு நிக்காஹ் வெச்சிருக்கேனுங்க. அடுத்த மாசம் பத்தாந்தேதி. நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரோணும். அவரை என்ற கண்ணுல காட்டாமயே ஒரு வருசம் ஓட்டிப்போட்டீங்க. அன்னிக்காவது கூட்டிட்டு வாங்க." ஒரு கார்டை உருவி உறையின் மேல் பேனாவை வைத்தவர், நிறுத்திச் சிரித்தார். "பாருங்க, பேரே தெரியல. என்ன பேருங்க அவருக்கு? அட, நீங்க ஊட்டுக்காரரு பேரைச் சொல்லமாட்டீங்க, தெரியாமக் கேட்டுப்போட்டேன். இந்தாங்க, நீங்களே எழுதிப்போடுங்க."

பேனாவை நீட்டினார். வாங்கி எழுதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவளுக்கு எதிரே ஒரு காகிதம், ஒரு பேனா, மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள், பேர் என்ன என்று ஒரு கேள்வி. வாய் முந்திக்கொண்டது.

"லேட் சென்னிமலைங்க."

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தபோது ஒருமுறைகூட அவள் சொல்லாத பேர் அது. ரேஷன் கடையில்கூடக் கார்டைத்தான் காட்டுவாள். அவர் போன பிறகு மில் ஆபீஸ், பேங்க், தாலுகா ஆபீஸ் என்று ஏறி இறங்கியபோதுதான் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லப் பழகினாள், முன்னால் லேட்டையும் சேர்த்து. அங்கே இருந்தவர்கள்தான் அப்படிச் சொல்லச் சொன்னார்கள். அவள் வாய்க்கு அந்தப் பேர் வேறு எப்படியும் வராது.

ரசாக் பாயின் கை நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். உதடு அசைய, சாவுச் சேதி கேட்டால் சொல்கிற "இன்னாலில்லாஹி"யை முணுமுணுத்தார். பிறகு, "எப்பங்க அம்மணி? போன மாசங்கூட நல்லா இருக்காருன்னு சொன்னீங்களே?" என்றார்.

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் ஒரு வழி இருந்தது. அவளால் முடியவில்லை.

"ரெண்டு வருசம் ஆகப்போகுதுங்க, பாய்."

அவர் புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு கான்வாஸ் உறையைப் பார்த்தார். "அப்ப அந்தக் காலண்டர்த் தாளு?"

"நாந்தானுங்க."

"ராச்சட்டுல பல்லு வழுக்குதுன்னு சொன்னது?"

"நாந்தானுங்க."

"எங்கிட்ட எதுக்குங்க அம்மணி இப்பிடி..."

"மொத நாளு நீங்க கேட்டீங்க, ஆமான்னு சொல்லிப்போட்டேன். அப்பறம் உட மனசு வரலீங்க. அவரு வேற எங்கயும் இல்லீங்க பாய். இங்க மட்டுந்தான் இருந்தாரு."

ரசாக் பாய் திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பந்தில என்ற பக்கத்துல உக்கார வெக்கோணும்னு நெனச்சிருந்தேனுங்க. அவருகிட்டப் பேசறக்கு எத்தனையோ சேத்து வெச்சிருந்தேன்" என்றார்.  பார்த்தேயிராத ஒரு சிநேகிதனை அந்த மனிதர் அப்போதுதான் பறிகொடுத்திருந்தார்.

பிறகு பேனாவை எடுத்தார். "உங்க பேரு என்னங்க?"

"ராசம்மாளுங்க."

எழுதினார். கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். "நீங்களாவது வாங்க, அம்மணி." குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

"வாரனுங்க" என்றாள். போகமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

சூலூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. மடியில் சாக்கெட் செட் கனத்துக்கொண்டு கிடந்தது. எல்லாம் இருந்தது அதில், எட்டிலிருந்து இருபத்தொண்ணு வரை, ஆறு பட்டையில், நல்ல கனத்தில். சென்னிமலை இதைக் கையால் தொட்டதில்லை, ஒருநாளும் தொடப்போவதும் இல்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் முழுசாகப் புரிந்தது. அவர் இறந்த அன்று கட்டிப்பிடித்து அழப் பத்துப் பெண்கள் கூட இருந்தார்கள். யார் எப்போது வந்தார்கள், யாருக்குக் காப்பி கொடுத்தோம் என்றுதான் அன்று மனசு ஓடிக்கொண்டிருந்தது, அழுகை வரவில்லை. இப்போது ஐம்பது பேர் இருந்த பஸ்ஸில், யாரும் கூட இல்லாமல், அவளுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்தியும் நிற்கவில்லை.

பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பி, அவள் முதுகில் கை வைத்தாள். "ஏனுங்க கண்ணு, என்னாச்சுங்க?"

"எங்கூட்டுக்காரரு தவறிப்போயிட்டாருங்க."

"அய்யோ சாமி! எப்பங்க?"

"இப்பத்தானுங்க" என்றாள் ராசம்மாள்.